ஏழாம் நம்பர் பெட்டி

அன்று காலை பாப்பாவை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி காபி கலந்துகொண்டிருந்தாள். பாப்பா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தாள்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று, இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியவள். சிறு வயதில் அண்ணன் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டியவனோடு ஒத்துவராமல், சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வேற்றுமொழிப் படங்களுக்கு சப்டைட்டில் எழுதுவது அவள் தொழில். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, படத்தில் பேசுவதைக் கேட்டு, திரையின் அடியில் ஓட வேண்டியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெளிச் சத்தம் ஆகாது. அதனால் அவள் அறைக்கதவு நாள் முழுக்கச் சாத்தியே இருக்கும்.

வந்த கொஞ்ச நாளிலேயே தலைவலி ஆரம்பித்தது. ஹெட்போன்தான் காரணம் என்றார்கள். அதை மாற்றியும் வலி போகவில்லை. பிறகு கையில் எடுத்த டம்ளர் நழுவியது. சொல்ல வந்த வார்த்தை பாதியில் காணாமல் போனது. காரணமே இல்லாமல் உட்கார்ந்து அழுதாள். ஒரு படத்தில் கதாநாயகி, "என்னை மறந்துவிடு" என்று கண்ணீர் விடும்போது அடியில் "இரண்டு டிக்கெட் கொடுங்கள்" என்று ஓடியது. கம்பெனிக்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம். நடுவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது பாப்பா கலகலவென்று இருந்தாள். வயிறாரச் சாப்பிட்டாள், வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பி வந்த மறுநாளே பழையபடி சுருண்டு படுத்துவிட்டாள்.

அண்ணன் கூட்டிக் கழித்துப் பார்த்தான். "வெளியில போனா நல்லாயிருக்கா. இங்க வந்தாதான் படுத்துடறா. இங்க அவளுக்கு என்ன பிடிக்கலைன்னு தெரியலை" என்றான். 'இங்க' என்று சொன்னபோது அவன் கண் மனைவியின் மேல் போய் நின்றது.

அந்த ஒரு பார்வை போதாதா? வந்த நாத்தனாருக்குத் தன் அறையை ஒழித்துக் கொடுத்து, கேட்ட நேரத்தில் காபி கொடுத்து, கடைசியில் வீட்டுக்குள் விஷம் மாதிரி இருப்பது நான்தானா என்று அவளுக்கு மனசு ஆறவே இல்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. பாப்பா வேண்டுமென்றே நடிக்கிறாள் என்று ஒருநாள் கணவனிடம் பட்டென்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே அவசியமான பேச்சு மட்டும்தான்.

அண்ணிக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. வளாகத்தின் காற்றைக் கண்காணிக்கும் பிரிவில் டெக்னீஷியன். விளக்குக் கம்பங்களிலும் கட்டிடச் சுவர்களிலும் செருப்புப் பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகள் தொங்கும். அவை காற்றை உள்ளே இழுத்து, அதில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை, எந்த வாயு என்று அளந்து ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அவள் சைக்கிளில் சுற்றிவந்து அவற்றைத் துடைப்பாள், உள்ளே குடியேறிய சிலந்தியை வெளியேற்றுவாள், பேட்டரி மாற்றுவாள். வளாகத்தில் அவளுக்குப் பெட்டிக்காரி என்றே பெயர். பெட்டிக்குள் கேமரா இருக்கிறது என்று நம்பி, அதன் கீழ் இருக்கும் பெஞ்சுகளில் காதலர்கள் உட்காருவதில்லை.

எல்லாப் பெட்டியும் ஒழுங்குப் பிள்ளைகள், ஏழாம் நம்பரைத் தவிர. அது தொங்கியது இவர்கள் குடியிருந்த ஊழியர் குடியிருப்பின் பின்சுவரில். மற்றவையெல்லாம் சாதுவாக இருக்கும்போது, கார்பன் மோனாக்சைடு என்று இது மட்டும் காலையிலும் மாலையிலும் துள்ளும். வாசனையும் இல்லாத, கண்ணுக்கும் தெரியாத விஷவாயு அது. எதையாவது அரைகுறையாக எரித்தால்தான் வரும். பின்பக்கச் சந்தில் எரிக்க என்ன இருக்கிறது? வண்டி கூட உள்ளே வராது.

பிரிவின் தலைவியான பேராசிரியை, பெட்டி பழுதாகிவிட்டது, கழற்றிவிடு என்று சொல்லிவிட்டார். இந்த வாரம் வளாக வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் பெரிய பலகை திறக்கப் போகிறார்கள். ஒரு பெட்டி பொய் சொன்னால் பலகையையே யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர் கவலை. பெட்டிக்காரிக்கு மனசு கேட்கவில்லை. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை பண்ணுகிறேன் என்று தவணை வாங்கிக்கொண்டாள். நம்பிக்கையான மூன்றாம் நம்பரையும் சந்தேகத்துக்கிடமான ஏழாம் நம்பரையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் ஏழு யோக்கியம். வேறு வேறு சொன்னால் குப்பைத் தொட்டி.

ஆய்வுக்கூடத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் எந்தப் பெட்டியும் தடுமாறும். ஆகவே இரண்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். வீட்டில் காலியாக இருந்த ஒரே பிளக் பாப்பாவின் அறை அலமாரிக்கு மேலே. நேற்று அதை மாட்டப்போய் வெடித்த சண்டையைத்தான் போன வாரம் பார்த்தோம்.

"என்னை வேவு பார்க்கவா அண்ணி இது?" என்று பாப்பா கேட்டாள். இது காற்றைப் பார்க்கிற பெட்டி என்று இவள் சொல்ல, என் காற்றில் உங்களுக்கு என்ன வேலை என்று அவள் சீற, அண்ணன் தங்கை பக்கம் பேச, கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பெட்டிகள் மட்டும் அலமாரியின் மேலேயே இருந்துவிட்டன.

*

காபியை ஆற்றி முடிப்பதற்குள் கணவனின் போன் அடித்தது. அவன் வளாகத்தின் லிஃப்ட் மெக்கானிக். நூலகத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். இஸ்திரி போட்ட சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பழைய சட்டையை மாட்டிக்கொண்டான்.

பாப்பாவின் கதவருகே நின்று, கொஞ்சம் படுத்திரு, ஆட்களை இறக்கிவிட்டு வந்து அழைத்துப் போகிறேன் என்றான். உள்ளேயிருந்து 'உம்' என்று மட்டும் வந்தது. மனைவியிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிவிட்டான்.

பேராசிரியையிடம் ஏழாம் நம்பரின் கதியைச் சொல்லியாக வேண்டிய நாள். பெட்டிக்காரியும் கிளம்பினாள். போகும்முன் மனசு என்னவோ போலிருக்க, பாப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணி. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

சாத்திவிட்டுப் போனாள்.

கீழ்வீட்டைத் தாண்டும்போது குளியலறையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தமும் கனத்த குரலில் ஒரு பாட்டும் கேட்டன. கீழ்வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தின் நீச்சல் கோச். காலையும் மாலையும் குளத்தில் ஊறுகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் இன்னொரு தரம் ஊறினால்தான் ஆயிற்று என்பார். இவர் மீனாகப் பிறந்திருக்க வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தாள்.

*

ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மூன்றாம் நம்பருக்குச் சிவப்புக் கோடு, ஏழாம் நம்பருக்கு நீலக் கோடு. திரையில் பார்த்தால் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். சிவப்பின் மேல் நீலம் அச்சாக உட்கார்ந்திருந்தது. அது ஏறிய இடத்தில் இது ஏறியிருந்தது, இறங்கிய இடத்தில் இறங்கியிருந்தது.

ஏழு பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாள் கழித்து வந்த சிரிப்பு. "மேடம், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று குரல் கொடுத்தாள்.

பேராசிரியை வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நல்லவேளை நீ கழட்டலை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அப்புறம் அவர் விரல் திரையின் ஓரத்துக்கு, அளவு எழுதியிருக்கும் பக்கத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இதை எங்க வெச்சிருந்தே?"

பெட்டிக்காரியின் சிரிப்பு பாதியில் நின்றது. பெட்டி சரியா தப்பா என்றே பார்த்துக்கொண்டிருந்தவள், அது என்ன சொல்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தாள். நேற்று மாலை ஒரு மலை, இன்று காலை ஒரு மலை. பின்சுவரில் துள்ளியதைப் போலப் பல மடங்கு. காலையில் எழும்பிய மலை இன்னும் உச்சியைத் தொடவில்லை. கோட்டின் நுனி அவள் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்ல மேடம். பாப்பா ரூம்ல."

"இப்ப உள்ள யாராவது இருக்காங்களா?"

பெட்டிக்காரி போனை எடுத்தாள். பாப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கணவனின் போன் லிஃப்டின் அடியில் எங்கோ தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. பேராசிரியை கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடந்துகொண்டே வளாக மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஆக்ஸிஜனோடு ஆம்புலன்ஸை எந்தக் குடியிருப்புக்கு அனுப்ப வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம் இல்லாவிட்டால் பெட்டிக்காரி கதவைத் திறந்து காரில் ஏறியிருப்பாளா என்பதே சந்தேகம்.

காலையும் மாலையும். அந்தக் கட்டிடத்தில் காலையும் மாலையும் நெருப்பு மூட்டுவது யார்? இவள் வீட்டில் மின்சார அடுப்பு. காரில் போகும்போதுதான் கோச்சின் பாட்டு அவள் காதில் திரும்ப ஒலித்தது. அவர் வெந்நீருக்குக் கேஸ் ஹீட்டர். அதன் புகைக்குழாய் எங்கே போகிறது? கட்டிடத்தின் நடுவில் குழாய்கள் ஏறும் குறுகலான சந்து ஒன்று உண்டு. டக்ட் என்பார்கள். எல்லாக் குளியலறை ஜன்னலும் அதற்குள்தான் திறக்கும், பாப்பாவின் அறையை ஒட்டிய குளியலறை ஜன்னலும்கூட.

கார் நிற்பதற்குள் இறங்கினாள். கோச்சின் கதவைத் தட்டி ஹீட்டரை நிறுத்தச் சொல்லும் வேலையைப் பேராசிரியை எடுத்துக்கொண்டார். இவள் படிகளைத் தாவி ஏறினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நுழைந்து, முதலில் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பாப்பா படுத்தது படுத்தபடியே கிடந்தாள். கன்னத்தில் தட்டினாள். அசைவில்லை. கையைத் தூக்கினால் கை துணி மாதிரி விழுந்தது.

இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துத் தரதரவென்று இழுத்தாள். அறை வாசலில் பாப்பாவின் கால் இடித்தது, நாற்காலி சாய்ந்தது, இஸ்திரி போட்ட சட்டை தரையில் விழுந்து இருவருக்கும் அடியில் கசங்கியது. வராந்தாவுக்கு வந்து, கைப்பிடிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் தன் மூச்சை விட்டாள். "பாப்பா, இங்க பாரும்மா. என்னைப் பாரு" என்று உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பாப்பாவின் இமை சிரமப்பட்டுப் பிரிந்தது. கண் எதிரே இருந்த முகத்தில் அடையாளம் தேடியது.

"அண்ணி," என்றாள் குழறலாக. "படம் ஓடிட்டே இருக்கு. யாராவது நிறுத்துங்க."

பெட்டிக்காரி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

கீழே இடுப்புத் துண்டும் தலை நிறைய நுரையுமாக நின்ற கோச், தண்ணீருக்குமா மேடம் கட்டுப்பாடு என்று பேராசிரியையிடம் கேட்க ஆரம்பித்தவர், ஆம்புலன்ஸ் வருவதைப் பார்த்துவிட்டு அப்படியே வாயை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரை மாடிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான், அதே கோலத்தில்.

*

வளாக மருத்துவமனையில் பாப்பாவின் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்தார்கள். ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் இளம் பெண். முடிவைப் பார்த்ததும், இன்னும் கொஞ்ச நேரம் அந்த அறையிலேயே இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேச வேண்டியிருந்திருக்கும் என்றார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அந்த வாயு போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளுமாம். இப்போது மாஸ்க் வழியாகப் போகிற ஆக்ஸிஜன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி விரட்டிவிடும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், ஆனால் சில வாரம் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார்.

பாப்பா மாஸ்கைக் கொஞ்சம் தூக்கினாள். "தலைவலி? கை நழுவறது? அழுகையா வர்றது?"

"எல்லாம் இதுல வரும். மறதி, தடுமாற்றம், தூக்கம், எல்லாம்தான். மிச்சம் ஏதாவது இருந்துச்சுன்னா அப்ப அதைத் தனியா பார்த்துக்கலாம்."

"அப்ப என் மண்டையில கோளாறு இல்லையா?"

"நீங்க சுவாசிச்ச காத்துலதாங்க கோளாறு," என்று டாக்டர் மாஸ்கைப் பழையபடி பொருத்தினார்.

அவர் போன பிறகு பாப்பா மேல் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கூட இல்லை. இத்தனை நாள் அழுத அழுகைக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இது நெஞ்சிலிருந்த பாரத்தைக் கீழே வைக்கிற அழுகை. பெட்டிக்காரி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பாப்பா மறுபடி மாஸ்கைத் தூக்கினாள். "உங்களைப் பார்த்தாலே தலை வலிக்குதுன்னு அண்ணன்கிட்ட சொன்னேன் அண்ணி."

"தெரியும்."

"நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்."

"நான் நீ நடிக்கறேன்னு சொன்னேன்."

"அதுவும் எனக்குத் தெரியும்."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. மாஸ்க் முழுக்க ஆவி படிந்துபோக, நர்ஸ் வந்து, இங்கே சிரிப்பதற்கு அனுமதி இல்லை, ஆக்ஸிஜன் வீணாகிறது என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்துக்கொண்டே போனாள்.

அண்ணன் கையெல்லாம் கிரீஸோடு ஓடிவந்தான். லிஃப்டிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டு மேலே வந்த பிறகுதான் போனில் குவிந்து கிடந்த அழைப்புகளைப் பார்த்திருக்கிறான். தங்கையின் தலையைத் தொடப் போய், கையில் அழுக்கு என்று நிறுத்திக்கொண்டான். நடந்ததையெல்லாம் மனைவி சொல்லக் கேட்டான்.

பக்கத்தில் நின்ற பேராசிரியைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கோச்சின் ஹீட்டர் பல வருஷமாக அங்கே இருக்கிறது. புகை டக்ட் வழியாக மேலே ஏறி ஆகாயத்துக்குப் போய்விடும், அதுதான் வழக்கம். இப்போது மட்டும் ஏன் வீட்டுக்குள் திரும்பியது என்று கேட்டார்.

பெட்டிக்காரி திரும்பிப் பார்த்தபோது கணவன் அங்கே இல்லை.

*

அவள் குடியிருப்புக்கு வந்து தேடியபோது மொட்டைமாடியில் இருந்தான். டக்டின் வாயை மூடியிருந்த தகரத்தைப் பெயர்த்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். தகரத்தின் நாலு ஓரமும் பிசின் தடவி இறுக்கி அடைத்த தடம். அரைகுறை வேலை அவனுக்கு என்றைக்குமே பிடிக்காது.

"டக்டுல புறா கத்தற சத்தத்துல டைலாக் கேக்கலைன்னு பாப்பா சொன்னா," என்றான், திரும்பாமல். "வந்த புதுசு. எதுக்குமே வாய் திறக்காதவ, இதை மட்டும் கேட்டா. அதான் மூடினேன். ஒரு சொட்டுத் தண்ணி கூட இறங்காத மாதிரி மூடினேன்."

அவள் அவனருகே உட்கார்ந்தாள். மேலே போக வழியில்லாத புகை, உச்சியில் இருந்த அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. மிச்சம், கீழே பின்பக்கச் சந்தில் கசிந்து ஏழாம் நம்பர் பெட்டியைத் துள்ள வைத்திருக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்கும் தெரிந்திருந்தது.

"வேற எங்கெல்லாம் மூடினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இது ஒண்ணுதான். அவளுக்காகத்தான்." மூச்சை இழுத்து விட்டான். "இருந்தாலும் பசங்களை அனுப்பி எல்லா டக்டையும் பார்க்கச் சொல்லியிருக்கேன். கோச் வீட்டுக் குழாயை மாடிக்கு மேல வரை ஏத்தற வரைக்கும் ஹீட்டர் கிடையாது. அவர் குளத்துலயே குளிச்சுக்கறாராம்."

காற்று வீசியது. கீழே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"உன்னைச் சொன்னேனே," என்றான்.

"சொல்லலை. பார்த்தீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இனிமே பார்க்க மாட்டேன்."

"பார்க்காம எப்படி? பாருங்க. வேற மாதிரி பாருங்க," என்றாள் அவள். சொல்லிவிட்டு, கிரீஸ் படிந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புடவை பாழாகும் என்று அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

*

சாயங்காலம் பாப்பா வீட்டுக்கு வந்தபோது எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. திரைச்சீலைகள் பட்டம் மாதிரி பறந்தன. பெட்டிகள் இரண்டும் அலமாரியின் மேலேயே இருந்தன. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டது பாப்பாதான். பேராசிரியை போன் செய்து, கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்றார். வாசல் பலகைத் திறப்பைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் குடியிருப்புகள் ஒவ்வொன்றுக்குள்ளும் பெட்டி வைத்துப் பார்க்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டாராம். ஏழாம் நம்பர் பின்சுவருக்குத் திரும்பும்போது அதற்கு மாலை போட வேண்டும் என்றும் சொன்னார். அவர் தமாஷ் பேசி யாரும் கேட்டதில்லை.

கோச் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். பாப்பாவைப் பார்த்து, உடம்பு தேறியதும் குளத்துக்கு வாம்மா, நுரையீரலுக்கு நல்லது, சும்மாவே சொல்லித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார். கசங்கிக் கிடந்த சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, அண்ணன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பாத்திரம் தேய்ப்பதும் அந்த வீட்டுக்குப் புதுசு.

பாப்பா தன் மேஜை முன்னால் உட்கார்ந்து பழைய சப்டைட்டில்களை ஓடவிட்டுப் பார்த்தாள். கதாநாயகி அழுதாள், கீழே டிக்கெட் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பெனிக்கு மருத்துவமனைக் காரணத்தைச் சொல்லி ஒரு வாய்ப்பு கேட்கப் போவதாகச் சொன்னாள். பேச்சில் தடுமாற்றம் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெட்டிக்காரிக்கு உடம்பெல்லாம் இளகிப் போயிருந்தது. என்னால் இல்லை, என்னால் இல்லை என்று உள்ளே ஏதோ ஒன்று குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. ஓர் உயிர் தப்பிய நாளில் இப்படிச் சந்தோஷப்படலாமா என்றும் தோன்றியது. பட்டால் என்ன என்றும் தோன்றியது.

சிரித்துக்கொண்டிருந்த பாப்பா சட்டென்று நின்றாள். எழுந்துபோய் அறைக்கதவை ஒருக்களித்துவிட்டு வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்குத் தெரியாது."

"சொல்லு."

"போன வாரம் எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். இங்க உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்குன்னு தோணுச்சு." நிறுத்தினாள். "அவருக்குப் போன் பண்ணிட்டேன். உங்ககூடவே வந்துடறேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் என்றால் அவளைக் கட்டியவன்தான், கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வர்றேன்னாரா?"

"நாளைக்கு வர்றேன்னார்."

பெட்டிக்காரி அவசரப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு, இந்த நிமிஷம், உனக்குப் போக வேண்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றாள் பாப்பா.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து தேடாமல், தடுமாறாமல் வந்த வார்த்தை அது. அதைத் தானே கேட்டுத் தானே ஆச்சரியப்பட்டவள் போல இன்னொரு தடவை சொன்னாள். "வேண்டாம் அண்ணி."

அப்போதுதான் மேஜை மேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்துவிட்டு, அண்ணி கை நீட்டுவதற்குள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். எதிர்முனையில் பேசியதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். 'சரி' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள்.

"நாளைக்கு இல்லையாம். கீழதான் நிக்கறாராம்."

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. உங்க அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று பெட்டிக்காரி எழுந்தாள்.

பாப்பா அவள் முந்தானை நுனியைப் பிடித்து நிறுத்தினாள். இந்தத் தடவை பிடி நழுவவில்லை.

"வேண்டாம். அண்ணன் வந்தா சத்தம் போடுவான். நான் பேசிக்கறேன்," என்றாள். "நீங்க மட்டும் பக்கத்துல இருங்க அண்ணி."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து வாசலுக்குப் போனார்கள்.